பெயரை மாற்றினால் போதுமா?

மார்கரெட் மீட் அம்மையார் சமோவாவைப் பற்றி 1928-இல் வெளியிட்ட நூலை, களப்பணிக்குச் செல்லும் நம் மாணவர் அவசியம் படிக்க வேண்டும். 1925-இல், தமது 23-ஆம் வயதில் அங்குச் சென்ற அவர், ஏறக்குறைய ஆறு வாரம் மொழி பயின்ற பின்னரே தாவூ தீவுக்குப் போய், மூன்று கிராமங்களில் 68 பெண்பிள்ளைகளை ஆராய்ந்தார். மொழியறியாமலே ஊருக்குள் நுழையும் நம்மவர் இதற்கு நாணவேண்டும்.

அவர் கண்டவை பிழையென டெரெக் ஃபிரீமன் 1983-இல் எழுதியபின், எவர் கூற்று மெய் என்பதிலேயே அறிஞரின் வாதம் நின்றது. நமக்கோ வேறொன்று உறுத்துகிறது. அச்சிறுமியரின் அந்தரங்கம் அச்சேறிற்று. ஆட்பெயர்களை மாற்றினார், மெய்தான். ஊர்ப்பெயர்கள் நூலில் அப்படியே உள்ளன. அத்தனை சிறிய ஊர்களில் மாற்றுப்பெயர் யாரை மறைக்கும்? நூலைத் திருத்தும்படி இளைஞர் கேட்டதையும், தாம் கண்டது கண்டபடியே நிற்கவேண்டுமெனத் தாம் மறுத்ததையும் 1973-ஆம் ஆண்டு முன்னுரையில் அவரே சொல்லுகிறார். வரலாற்றுச் சான்று என்ற அளவில் அது நேர்மையே. ஆயினும், அப்பெண்களின் பேரப்பிள்ளைகளும் இதை வாசிப்பர் என்னும் நினைவு புறப்படும்போதே இருந்திருக்க வேண்டாமா?

நம் மாணவரின் அறிக்கைகளிலும் விடுதிச் சிறுவரின் குடும்பத் துயரங்கள் ஊர்ப்பெயரோடு வருகின்றன. சென்ற ஆண்டு அவற்றில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தோம், சிறுவனின் தாய்க்கு முதலில் வாசித்துக் காட்டிவரும்படி. மாணவர் அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டு வந்தார்.