சதோருவின் இரண்டு குரல்கள்

கேய் சன்பே வரைந்த ‘எரேஸ்டு’ மாங்காவில், 2006இல் வாழும் சதோரு தாயின் கொலையைத் தடுக்க 1988க்குத் தூக்கி எறியப்படுகிறான். ஹொக்கைடோவின் பனியில் மறுபடி ஐந்தாம் வகுப்புச் சிறுவன். மனசு மட்டும் இருபத்தொன்பது வயதில்.

2016இல் வந்த 12 பகுதி அனிமே இதைக் காதுக்குக் கொண்டுவந்த விதம் அபாரம். வாய்திறந்து பேசினால் பிஞ்சுக் குரல், உள்ளுக்குள் நினைத்தால் வளர்ந்தவன் குரல். இரண்டு நடிகர்கள் பேசியிருக்கிறார்கள். அடிவாங்கியே வளர்ந்த வகுப்புத் தோழி கயோ, சதோருவின் அம்மா வைத்த சூடான காலைச் சாப்பாட்டைப் பார்த்துக் கண்கலங்கும் இடமும் அனிமேயில் நெஞ்சை அடைக்கிறது.

ஆனால் பிற்பகுதி? கோமாவில் விழும் சதோரு, எழுந்தபின் உடலையும் நினைவையும் மெல்ல மெல்ல மீட்பதை மாங்கா பொறுமையாகச் சொல்கிறது. நட்பும் குற்றவாளியின் மனமும் அங்கேதான் ஆழம் பெறுகின்றன. அனிமே அதைக் கடைசிப் பகுதிகளுக்குள் அடைத்து, மருத்துவமனை மாடியில் அவசரமாக முடித்துவிடுகிறது.

அனிமேயைப் பார்த்துவிட்டவர்கள் மாங்காவின் கடைசி இரண்டு தொகுதிகளையாவது கட்டாயம் படியுங்கள்.