தரையில் குடம் இல்லை: வெறுமையைப் படம் பிடிக்க முடியுமா?

போன வருஷம் ஆவணி மாசத்திலிருந்து ஒரு சின்ன ப்ராஜெக்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் ஒரு போட்டோ. விதி ஒன்றுதான்: படத்தில் "ஒன்றும் இல்லை" என்பது மட்டும் இருக்க வேண்டும். ஆள் கூடாது, விசேஷம் கூடாது, அழகு கூடாது. கையில் இருக்கும் போன் போதும். ஆபீஸ் லிஃப்டின் உள்சுவர், மொட்டைமாடித் தரை, காலை ஐந்தரைக்கு அடுப்பு பற்றவைக்காத சமையலறை, பார்க்கிங்கில் வண்டி நிற்காத இடம், இப்படி. சில நூறு படங்கள் சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மொத்தமாகப் பார்த்தேன். ஒரு படத்தில்கூட வெறுமை இல்லை. எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று இருந்து தொலைத்தது. லிஃப்ட் சுவரில் கீறல், மாடித் தரையில் பாசி, பார்க்கிங்கில் எண்ணெய்க் கறை.

தப்பு என்னிடமா, போட்டோகிராஃபியிடமா? இதற்கு முன்னால் இதைச் செய்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? இந்தக் குறிப்பு அதைப் பற்றியது. நான் கலை விமர்சகன் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாக கோடு எழுதுகிறவன். அதனால் முதலில் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

லென்ஸை மூடியால் மூடிவிட்டு கேமராவை க்ளிக் செய்யுங்கள். வெறும் கறுப்பு வரும் என்று நினைப்போம். ரா ஃபைலைத் திறந்து எண்களைப் பார்த்தால் அப்படி இல்லை. ஒளியே படாவிட்டாலும் வெப்பத்தாலேயே சென்சாரில் எலக்ட்ரான்கள் சேரும். அந்த மின்னூட்டத்தைப் படித்து எண்ணாக்கும் சர்க்யூட்டும் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைப் போடும். வானியல் படம் எடுப்பவர்கள் இப்படி மூடிபோட்டு எடுத்த படத்தை 'டார்க் ஃப்ரேம்' என்பார்கள். நட்சத்திரப் படத்திலிருந்து அதைக் கழித்துத்தான் சுத்தம் செய்வார்கள். அதாவது, கேமரா "ஒன்றுமில்லை" என்று சொல்லும்போதும் கழிப்பதற்கு அதில் ஏதோ இருக்கிறது.

ப்ரோக்ராமர்களுக்கு இது புதிதல்ல. காலி ஸ்ட்ரிங் வேறு, நல் வேறு. காலி ஸ்ட்ரிங் என்பது உள்ளே எதுவும் வைக்காத டப்பா, டப்பா இருக்கிறது. நல் என்றால் டப்பாவே இல்லை. டோனி ஹோர் 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழியில் நல் ரெஃபரன்ஸைக் கொண்டுவந்தார். பல வருஷம் கழித்து, 2009-இல், அதைத் தன்னுடைய பில்லியன் டாலர் தவறு என்று அவரே சொன்னார். இல்லாத ஒன்றைச் சுட்டுவதற்குக் குறியீடு கொடுத்தால் உலகம் முழுக்க ப்ரோக்ராம்கள் விழும், விழுந்தன. புகைப்படத்துக்கு அந்த வசதியும் கிடையாது, அந்த ஆபத்தும் கிடையாது. புகைப்படம் ஒருபோதும் நல் ஆகாது. நாலு ஓரம் இருக்கும்வரை அது டப்பாதான்.

அடுத்து ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். ஷானனின் 1948 கட்டுரையை நம்பி, தகவல் குறைவாக இருக்கும் படம் நன்றாகச் சுருங்கும், ஆகவே ஜேபெக் ஃபைல் சைஸ் எவ்வளவு சிறியதோ அவ்வளவு வெறுமை என்று ஒரு அளவுகோல் வைத்து, என் படங்களை எல்லாம் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வரிசைப்படுத்தினேன். பாக்கெட்டுக்குள் தவறுதலாக எடுபட்ட கறுப்புப் படம் முதலிடம். அதில் எனக்கு எந்த வெறுமையும் தெரியவில்லை, அசடு வழிந்ததுதான் மிச்சம். பார்த்தவுடன் வயிற்றைப் பிசைந்த படம், இருட்டில் எடுத்த காலி அறை ஒன்று, கடைசியை ஒட்டி இருந்தது. காரணம் எளிது. வெளிச்சம் போதாததால் போன் ஐஎஸ்ஓவை ஏற்றிவிட்டது. இரைச்சல் புள்ளிகள் சுருங்காது. வெறுமையாகத் தெரிந்த படத்தில்தான் தகவல் மண்டிக்கிடந்தது. அளவுகோலைத் தூக்கிப் போட்டேன்.

இணையத்தில் 'மினிமலிஸம்' என்று தேடினால் கொட்டும் படங்களும் இந்த அளவுகோலில்தான் வேலை செய்கின்றன என்று இப்போது தோன்றுகிறது. பனிமூட்டம், ஓரத்தில் ஒற்றைப் படகு, நிறைய வெள்ளை. கீழே 'சூன்யம்' என்று தலைப்பு. எனக்கு இதில் இரண்டு புகார். ஒன்று, அந்த ஒற்றைப் படகு இருப்பதே "பார், எவ்வளவு காலியாக இருக்கிறது" என்று விளம்பரம் செய்வதற்கு. இரண்டு, நாகார்ஜுனர் சொன்ன சூன்யதைக்கும் பனிமூட்டத்துக்கும் சம்பந்தமில்லை. எந்தப் பொருளுக்கும் தனக்கென்று தனித்து நிற்கும் சுபாவம் கிடையாது, எல்லாம் ஒன்றைச் சார்ந்து ஒன்று என்பதுதான் அவர் வாதம். எதுவுமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. அவர் கணக்குப்படி, ஜனம் பிதுங்கும் மார்க்கெட்டும் அதே அளவு சூன்யம்.

சரி, பெரிய ஆட்களிடம் போவோம்.

ஹிரோஷி சுகிமோட்டோ 1948-இல் டோக்கியோவில் பிறந்தவர். எழுபதுகளின் பின்பாதியில் நியூயார்க்கில் 'தியேட்டர்ஸ்' வரிசையைத் தொடங்கினார். பெரிய ஃபார்மட் கேமராவை தியேட்டரின் பின்னால் நிறுத்தி, படம் ஆரம்பிக்கும்போது ஷட்டரைத் திறந்து, முடியும்போது மூடுவார். முழுப் படமும் ஒரே ஃப்ரேமில். கிடைப்பது என்ன? திரை வெள்ளை வெளேர் என்று ஒரு செவ்வகம். அந்த வெளிச்சத்தில் இருக்கைகளும் சுவரின் சுதை வேலைப்பாடுகளும் மெல்லத் தெரியும். இரண்டு மணி நேரப் படம், விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 1,72,800 படங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வெள்ளையாகிவிட்டன. அழுகைப் படமாக இருந்தாலும் சிரிப்புப் படமாக இருந்தாலும் மிச்சம் ஒரே வெள்ளைதான்.

அபாரமான யோசனை. முதல்முறை பார்த்தபோது நான் ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்தபின் ஒரு சந்தேகம். இது வெறுமையா? இன்ஜினியர் பாஷையில் இது ஓவர்ஃப்ளோ. எல்லாம் வந்து கொட்டியதால் ஃபிலிம் தாங்கும் எல்லை தாண்டி, வித்தியாசம் அழிந்துபோயிற்று. நிறைவின் மறுபக்கம் என்று வேண்டுமானால் சொல்லலாம். தவிர, அந்தப் பழைய அரண்மனை மாதிரி தியேட்டர்கள் அத்தனை கம்பீரம்; வெள்ளைச் செவ்வகத்துக்கு அவையே சிம்மாசனம் போட்டுவிடுகின்றன. என் பார்க்கிங் இடத்துக்கு இந்த வழி உதவாது. 1980-இல் அவர் தொடங்கிய கடல் வரிசையும் அப்படித்தான்: பாதி நீர், பாதி ஆகாயம், நடுவில் ஒரு கோடு. ஆதிமனிதன் கண்ட அதே காட்சியை இன்று நாமும் காண முடியுமா என்ற கேள்வியிலிருந்து பிறந்தவை. அன்றாடம் என்பது அதில் இல்லவே இல்லை.

இங்கேதான் நம்முடைய தர்க்கக்காரர்கள் கைகொடுத்தார்கள். நியாய வைசேஷிக மரபில் 'அபாவம்', அதாவது இன்மை, ஒரு தனிப் பதார்த்தம். அவர்களுடைய தேய்ந்துபோன உதாரணம்: "தரையில் குடம் இல்லை." இன்மை என்று சும்மா சொல்ல முடியாது. எதன் இன்மை, எங்கே இன்மை என்று இரண்டு இடத்தையும் நிரப்பியாக வேண்டும். குடம் என்பது பிரதியோகி; தரை என்பது அதிகரணம். ஃபங்ஷனுக்கு இரண்டு ஆர்க்யுமென்ட் கட்டாயம், ஒன்று விட்டாலும் கம்பைல் ஆகாது. செய்வதற்கு முன்னால் குடம் இல்லாதது, உடைந்தபின் இல்லாதது, எப்போதுமே ஓரிடத்தில் இல்லாதது, குடம் துணியாக இல்லாதது என்று நான்கு வகையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகத்தில் இதெல்லாம் சுருக்கமாக இருக்கிறது. சிவஞான முனிவர் அதைத் தமிழிலும் தந்திருக்கிறார்.

அந்த இன்மையை எப்படி அறிகிறோம் என்பதில்தான் சண்டை. கண்ணாலேயே காண்கிறோம் என்பார் நையாயிகர். இல்லை, "குடம் இருந்தால் தெரிந்திருக்குமே, தெரியவில்லையே" என்ற அனுபலப்தி தனிப் பிரமாணம் என்பார்கள் குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள். பிரபாகரரோ, இன்மை என்று தனியாக ஒன்றும் கிடையாது, நீ பார்ப்பது வெறும் தரை, அவ்வளவுதான் என்று முடித்துவிடுவார்.

இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது: கேமரா பிரபாகரர் கட்சி. அது தரையை மட்டும்தான் எடுக்கும். குடத்தைப் பார்ப்பவர்தான் கொண்டுவர வேண்டும். என் நூற்றுக்கணக்கான படங்களில் அதிகரணம் இருந்தது, பிரதியோகி இல்லை. எதன் இன்மை என்று நானே முடிவு செய்யாமல் தரை தரையாக எடுத்துத் தள்ளியிருக்கிறேன்.

பிரதியோகியை எப்படிக் கொடுப்பது? எளிய வழி, ஊரறிந்த இன்மை. பாஸ்டனில் இஸபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் மியூசியத்தில் 1990 மார்ச் 18 அன்று 13 கலைப்பொருட்கள் திருடுபோயின. எதையும் இடம் மாற்றக்கூடாது என்பது கார்ட்னர் அம்மையாரின் உயில். அதனால் வெற்றுச் சட்டங்கள் இன்றும் சுவரில் தொங்குகின்றன. சோஃபி கால் என்ற பிரெஞ்சுக் கலைஞர் அந்தக் காலி இடங்களைப் படமெடுத்து, அங்கே என்ன இருந்தது என்று காவலர்களிடமும் மற்ற ஊழியர்களிடமும் கேட்டு அந்த நினைவுகளைப் பக்கத்தில் வைத்தார். வலுவான வேலைதான். ஆனால் பாரத்தைச் சுமப்பது வார்த்தைகள். எழுத்தை எடுத்துவிட்டால் படம் மறுபடி பிரபாகரரிடம் போய்விடும். 1911-இல் மோனா லிசா திருடுபோனபோது லூவரின் காலிச் சுவரைப் பார்க்கக் கூட்டம் வந்ததும் செய்தித்தாள் படித்துவிட்டுத்தான்.

எழுத்தே இல்லாமல் செய்தவர் என்று நான் நினைப்பது ஊடா பார்த். 1958-இல் பெர்லினில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்பவர். தொண்ணூறுகளில் அவர் எடுத்த வரிசையின் பெயர் 'கிரவுண்ட்'. ஆம், தரை! தர்க்க சாஸ்திரம் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஓவியத்தில் உருவத்துக்குப் பின்னால் இருக்கும் பின்புலம் என்ற பொருளில் வைத்த பெயர். ஆனால் உத்தியைப் பாருங்கள். போர்ட்ரெய்ட் எடுக்கும்போது ஆள்மேல் ஃபோகஸ் வைப்போம், பின்னால் இருப்பது மங்கும். பார்த் அந்த ஆளை மட்டும் எடுத்துவிட்டார். ஃபோகஸ் அதே இடத்தில் இருக்கிறது, காற்றில். பின்னால் சுவர், அலமாரி, ஜன்னல் எல்லாம் மங்கல். பார்க்கிறவன் கண் தானாகவே தெளிவான இடத்தைத் தேடும். படத்துக்கு முன்னால், யாரோ நின்றிருக்க வேண்டிய தூரத்தில், ஒரு ஓட்டை இருப்பதைக் கண்டுபிடிக்கும்.

பிரதியோகியை எழுதிக் காட்டாமல், லென்ஸின் தூர அளவிலேயே ஒளித்து வைத்துவிட்டார். "இருந்தால் தெரிந்திருக்குமே" என்ற அந்த அனுபலப்தி வாக்கியத்தை ஒரு ஃபோகஸ் வளையம் சொல்கிறது. நான் பார்த்தவரையில் வெறுமைக்கு மிக அருகில் போன போட்டோகிராஃபி இது.

பிறகு 1999-இல் 'நோவேர் நியர்'. தன் வீட்டு ஜன்னல் வழியாகத் தெரியும் அதே காட்சி, மாசக்கணக்கில். நல்ல படம் எடுக்க எங்கும் போக வேண்டியதில்லை என்ற பிடிவாதம் எனக்குப் பிடித்தது. ஆனால் 2011-இல் வந்த, திரைச்சீலையில் வெளிச்சக் கோடு நெளியும் வரிசையில் எனக்கு ஒப்புதல் இல்லை. ரொம்ப அழகு. வெளிச்சமே கதாநாயகி ஆகிவிட்டது. தரையில் குடம் வந்துவிட்டது.

இவ்வளவும் எதற்குத் தோண்டினேன் என்றால், அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்த வயிற்றைப் பிசைந்த படம் அவர்கள் அறை. இதை மறைத்துவிட்டு "வெறுமை" என்று பொதுவாகத் தலைப்பு போட்டது என் முதல் ஏமாற்று. அம்மா தினமும் காலையில் கிழிக்கும் நாள்காட்டி மாட்டியிருந்த ஆணியையும் எடுத்திருந்தேன். ஆணி, சுற்றிலும் வெளுக்காத ஒரு செவ்வகம். தங்கைக்கு வாட்ஸப்பில் எந்தக் குறிப்பும் இல்லாமல் அனுப்பினேன். உடனே போன் வந்தது. "அண்ணா, அந்த ஆணியைப் புடுங்கிடாதே" என்றாள், குரல் சரியாக இல்லை. அதே படத்தை ஆபீஸில் ஒருத்தருக்குக் காட்டியபோது, "வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போறீங்களா ஜி?" என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. அவருக்குக் காட்டியது தரை மட்டும்தானே.

ஆகவே ப்ராஜெக்டை மாற்றிவிட்டேன். தினம் ஒன்று கிடையாது. பார்த்தின் வழியில், அம்மா வழக்கமாக நிற்கும் இடங்களில் மட்டும். போனால் இது முடியவில்லை. சென்சார் சின்னது என்பதால் பின்புலம் மங்குவதே இல்லை. ஆட்டோஃபோகஸும் காற்றில் நிற்க மறுத்து, ஓடிப்போய் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. பழைய 50 எம்எம் லென்ஸ் ஒன்றும் அதற்கேற்ற கேமராவும் செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். அடுப்புக்கு முன்னால் மனைவியை நிறுத்தி, ஃபோகஸைக் கையால் வைத்து, "சரி, நீ நகரு" என்று சொல்லிவிட்டு எடுத்தேன். அலமாரி மங்கல், எண்ணெய்த் தூக்கு ஒரு மஞ்சள் பொட்டு, ஜன்னல் ஒரு வெள்ளைப் பட்டை.

மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அத்தைக்கு இடம் விட்டிருக்கீங்க" என்றாள். திங்கட்கிழமை ஆபீஸில் அதே ஆளிடம் காட்டினேன்.

"ஃபோகஸ் போயிடுச்சு ஜி. இன்னொண்ணு எடுங்க."