காவிரிப் படுகைப் பெயர்கள்: பொதுமையும் தனித்தன்மையும்

திருப்பனந்தாள் வட்டாரத்தில் முந்தைய தலைமுறைகளில் பிள்ளைக்குப் பெயர் தேடி அலைந்தவர் அரிது. குலதெய்வம், அருகிலுள்ள பெருங்கோயிலின் மூர்த்தி, தந்தைவழிப் பாட்டனார் என்ற வழிகளுள் ஒன்றில் பெயர் தானே வந்து அமைந்தது. சுவாமிமலை சுவாமிநாதனையும், திருவிடைமருதூர் மகாலிங்கத்தையும், வைத்தீசுவரன்கோயில் தையல்நாயகியையும் ஊர்தோறும் பெருக்கின. ஒரே வகுப்பில் மூன்று சுவாமிநாதன்கள் இருந்தாலும், தந்தை பெயரின் முதலெழுத்தாகிய இனிஷியல் வருகைப் பதிவேட்டில் அவர்களைப் பிரித்துக் காட்டியது. வீட்டிலோ, மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லலாகாது என்பதால், பாட்டனார் பெயர் பூண்ட பிள்ளைக்கு வேறொரு கூப்பிடு பெயர் கட்டாயமாயிற்று. பெயர் பொதுவாக இருக்க, தனித்தன்மையை இனிஷியலும் கூப்பிடு பெயரும் சுமந்த இவ்வேற்பாடு நுட்பமானதே.

ஆயினும் அதனைப் பொற்காலமாகக் கொள்ள இயலாது. குப்புசாமி, பிச்சை போன்றவற்றுள் பல, முன்பிறந்த பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டார் எமன் கண்ணுக்குத் தப்பட்டும் என்று இட்டவை. ஒடுக்கப்பட்டோர் மீது பிறர் சுமத்திய இழிபெயர்களை அவற்றோடு சேர்த்து எண்ணலாகாது. 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் பின்வந்த சுயமரியாதை இயக்கமும் பெயரைத் தாமே தேர்ந்துகொள்ளும் துணிவைத் தந்தன. இப்படுகையிலேயே பிறந்த திராவிட இயக்கத் தலைவர்களுள் இராமையா அன்பழகனானதும், நாராயணசாமி நெடுஞ்செழியனானதும் அதன் விளைவே.

இன்றைய பெற்றோர் தனித்தன்மை முழுவதையும் பெயரின் தலையிலேயே ஏற்றுகின்றனர். 27 நட்சத்திரங்களின் 108 பாதங்களுக்கும் தொடக்க எழுத்தை வகுக்கும் சோதிட அட்டவணையான அவகடச் சக்கரம் முதலெழுத்தை முடிவு செய்துவிட, எண்கணிதம் எழுத்துக்கூட்டலை நீட்ட, ஈற்றை நாகரிகம் தீர்மானிக்கிறது. பெயர் நாகரிகம் புறக் காரணமின்றியும் தன்போக்கில் நகரும் என்றும், பழகிய ஒலியின் சிறு மாறுதலே புதுமையாக விரும்பப்படும் என்றும் அமெரிக்கச் சமூகவியலர் ஸ்டான்லி லீபர்சன் 2000இல் வெளியான தம் நூலில் விளக்கினார். ரித்விக், ருத்விக், ரித்தீஷ், ரிதன்யா என்று அடுக்கிப் பார்த்தால் அது விளங்கும்: யாருக்கும் இல்லாத பெயரைத் தேடிய நால்வரும் ஒரே தெருவில் வந்து நிற்கின்றனர், அது எந்த ஊர்த் தெரு என்பதுதான் தெரிவதில்லை.

திருப்பனந்தாள் இறைவனின் பெயரான செஞ்சடையப்பன், இதற்கு மாறாக, உள்ளூரில் எவர்க்கும் விளங்குவது, வெளியூரில் அரியது. ஆங்கிலப் படிவத்தில் அது நீளும், விடுதியில் நண்பர்கள் அதைச் சிதைப்பர் என்ற மறுப்பு நியாயமானதே. எனினும் கூப்பிடு பெயர் என்ற பழைய உத்தி அதற்குப் போதும். அவசரமும் தேவையில்லை: 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி பெயரின்றியே பிறப்பைப் பதிந்து, பின்னர் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம்.