சாகசத்தின் விலை

1950இல் அமெரிக்காவின் இசி காமிக்ஸ் நிறுவனம் தொடங்கிய ‘டூ-ஃபிஸ்டட் டேல்ஸ்’ போர்க்கதை இதழின் ஆசிரியரான ஹார்வி கர்ட்ஸ்மன்தான், 1952இல் ‘மேட்’ என்ற நையாண்டி காமிக்ஸையும் தொடங்கினார். இரண்டும் ஒரே வேலைதான் என்பேன்: வீரச் சவடாலின் சாயத்தை வெளுக்கவைப்பது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோதே ‘டூ-ஃபிஸ்டட் டேல்ஸ்’ இதழில் அவர் எழுதி வரைந்த, கொரியாவின் இம்ஜின் ஆற்றில் மிதக்கும் பிணத்தைப் பற்றிய ஒரு கதையில், தொலைதூர ஆயுதங்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் அமெரிக்கச் சிப்பாய், தன்மேல் பாய்ந்த எதிரியை வெறுங்கையால் நீரில் அமுக்கிக் கொல்கிறான். மிதந்து போகும் உடலோடு கதை முடிகிறது. ‘மேட்’ சூப்பர்மேனைக் கேலி செய்தபோது அடிவாங்கியதும் அதே வெல்லமுடியாத வீரன்தான். அட்டையில் சண்டையைக் காட்டி விற்றுவிட்டு உள்ளே போரை வெறுப்பது இரட்டைவேடமல்லவா? நியாயமான கேள்வி. பத்து சென்ட் கொடுத்த சிறுவன் சாகசத்துக்காகத்தான் வாங்கினான் (வேறெதற்கு வாங்குவான்?). ஆனால், போரைக் கண்டு ஏற்கெனவே முகம் சுளிப்பவனுக்கு இந்தக் கதை தேவையே இல்லை. அந்தச் சிறுவனிடம்தான் இதைச் சொல்லவேண்டியிருந்தது.