மெருகேறிய படம், களைத்த கண்

ஸ்கேன் அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு விளக்கை அணைப்பது ஏறக்குறைய எல்லா ஊரிலும் வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. அல்ட்ராசவுண்ட் படம் முழுக்கச் சாம்பல் சாயல்களால் ஆனது. ஈரலுக்கும் அதையொட்டிய சிறுநீரகத்துக்கும் உள்ள வித்தியாசமே ஒரு சாயல்தான். வெளிச்சம் விழும் திரையில் அது கரைந்துவிடும். ஆனால் கும்மிருட்டும் கண்ணுக்கு ஆகாது. நோயாளியின் வயிறு, பட்டன்கள், பளீரென்ற திரை என்று பார்வை ஓடிக்கொண்டே இருப்பதால் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் கண் மாறி மாறிப் பழக வேண்டியிருக்கிறது. உற்றுப் பார்க்கும்போது இமைப்பதும் குறையும். போதாததற்கு ஏசிக் காற்று வேறு. சாயங்காலம் கண் எரிவதில் வியப்பில்லை.

கருவி செய்பவர்கள் இதற்குத் தந்த விடை, படத்தையே மெருகேற்றுவது. அல்ட்ராசவுண்ட் படத்தில் மணல் தூவினாற்போல் தெரியும் பொரிப்பொரியான புள்ளிகள் உடம்பில் அப்படியே இருப்பவை அல்ல. அலைநீளத்தைவிடச் சிறிய எண்ணற்ற துணுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலிகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் உண்டாகும் கோலம் அது. வயிற்றுக்கு வழக்கமான 3.5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரே இடத்தைப் பல கோணங்களில் பார்த்துச் சராசரி எடுத்தால் புள்ளிகள் அடங்கும், உறுப்பின் விளிம்பு தெளியும். ‘காம்பவுண்ட் இமேஜிங்’ என்பது இதுதான். தைராய்டுக் கட்டியின் ஓரத்தைப் பார்ப்பவருக்கு இது பெரிய வரம், கண்ணுக்கும் இதம்.

வம்பு பித்தப்பையில் வருகிறது. கல் என்றால் வெள்ளையாக ஒரு வளைவு தெரியும். அதன் கீழே ஒலி போகாத கறுப்பு நிழல் விழும். கல் என்று உறுதி சொல்ல உதவும் முக்கிய அடையாளம் அந்த நிழல். பல கோணத்திலிருந்து ஒலி வரும்போது, ஒரு கோணத்தில் மறைந்த இடம் இன்னொரு கோணத்தில் தெரிகிறது. ஆகவே நிழல் குறுகிச் சாம்பலாகிறது. சிறிய கல்லானால் கிட்டத்தட்டக் காணாமலே போகும். நீர்க்கட்டிக்குப் பின்னால் படம் பளிச்சென்று தெரிவதும் இதேபோல் மங்கும். ஆக, குறை என்று துடைத்தவற்றுள் சில, மருத்துவர் தேடிய தடயங்களே.

களைத்த கண் எப்படியும் தவறவிடும், கண்ணுக்கு இதமான படத்தால் அந்தக் களைப்பையாவது குறைக்கலாமே என்று கேட்கலாம். களைப்பால் கணிப்பு கெடுவது உண்மைதான். எலிசபெத் குருபின்ஸ்கி, கெவின் பெர்பாம் உள்ளிட்டோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுக்கப் படம் பார்த்த பின் எலும்பு முறிவைக் கண்டறியும் துல்லியம் சற்றே சரிந்தது. கண்ணின் குவியமும் பிசகியது. அங்கே பார்த்தது எக்ஸ்ரே. இந்தப் பொரிப்புள்ளிகள் அதில் இல்லை, இருந்தும் கண் களைத்தது. இடைவிடாமல் கிட்டத்தில் பார்ப்பதன் களைப்பைப் படத்தை மழமழப்பாக்கிப் போக்க முடியாது. (நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி விற்பவர்களுக்கும் இதே கதிதான்: 17 ஆய்வுகளை அலசிய 2023ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வில், கண் களைப்பு குறைவதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை.)

அதனால் வரிசையை மாற்ற வேண்டும் என்பேன். திரையில் பிரதிபலிக்காதபடி சுவர்ப்பக்கம் ஒரு மங்கல் விளக்கு, திரைக்கு நேராகக் கண், இரண்டு நோயாளிகளுக்கு நடுவே தூரப் பார்வை என்பவை கண்ணின் பங்கு. படத்தின் பங்கு, உடம்பில் வைத்து நகர்த்தும் புரோபிலேயே தொடங்குகிறது. ஜெல் தாராளமாக இருந்து காற்று இடையில் புகாதிருக்க வேண்டும். தேவையான ஆழத்துக்கு எட்டுகிற அலைவரிசைகளில் உயர்ந்ததைத் தேர்ந்து, குவியத்தைப் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். இதெல்லாம் ஆன பிறகு மெருகு வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் அதை அணைக்கப் பட்டன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் மங்கிய நிழல் சந்தேகத்தையே கிளப்பாதபோது, வெளியே இன்னும் பத்துப் பேர் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்க, அந்தப் பட்டனை யார் தேடப்போகிறார்கள்?