சுமை வியாபாரியும் எலும்புக்கூடும்

சீனத்து மரபோவியம் என்றதும் மூடுபனியும் மலையும் ஒற்றைப் படகுமே நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. சாதாரண சனங்களின் பாடு அங்கே இடம்பெறவில்லை என்ற எண்ணம் நம்மிடையே வலுவாகவே இருந்து வருகிறது. தென் சுங் அரசவை ஓவியர் லீ சோங்கின் படைப்புகள் இவ்வெண்ணத்தைக் குலைப்பவை. ஹாங்சூவைச் சேர்ந்த இவர் இளமையில் தச்சுத் தொழில் செய்தவர். பின்னர் அரசவை ஓவியர் ஒருவரின் வளர்ப்பு மகனாகி அக்கலையைப் பயின்றார்.

1210இல் அவர் தீட்டிய 'சுமை வியாபாரி' இன்று தாய்பே அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. பட்டுத் துணியில் வரையப்பட்ட இவ்வோவியத்தின் உயரம் ஏறத்தாழ 26 சென்ரிமீற்றர்தான். அதற்குள் காவுதடியின் இருபுறமும் கூடைகள், கிலுகிலுப்பைகள், விளக்குமாறுகள், சட்டிகள், மரக்கறிகள். 'முந்நூறு பொருட்கள்' என்று நுண்ணெழுத்தில் குறித்தும் வைத்திருக்கிறார் ஓவியர். மாட்டுக்கும் குதிரைக்கும் சிறுபிள்ளைக்கும் வைத்தியம் பார்ப்பதாக வியாபாரியின் சுமையிலே ஒரு விளம்பரம்! கைக்குழந்தைக்குப் பாலூட்டும் தாய் ஒருத்தி; சுமையை மொய்க்கும் பிள்ளைகள். கைஃபெங் நகரைச் சித்திரித்த சாங் ஸேதுவானின் ஐந்து மீற்றருக்கும் மேற்பட்ட புகழ்பெற்ற சுருளோவியத்தில் ஆண்களே நிறைந்திருக்கின்றனர். பெண்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். லீ சோங்கோ வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்.

ஆனால் இது யாருக்காக வரையப்பட்டது? கிராமத்துத் தாய் இந்த ஓவியத்தைப் பார்த்திருக்கப் போவதில்லை. அரண்மனைக்குள் இருந்தோர் கண்டு களிப்பதற்கான ஏழ்மை இது. இதிலே எவரும் பசித்திருக்கவில்லை, வரி கேட்டு எவரும் வரவுமில்லை. பின்வந்த மிங் அரசவை ஓவியர்கள் இதே வியாபாரியை வரைந்தபோது சரக்கு ஆடம்பரமாயிற்று; பிள்ளைகளும் பட்டுடுத்திக் கொண்டனர். யதார்த்தம் என்று நாம் மெச்சுவது எவ்வளவு எளிதில் அலங்காரமாகிவிடுகிறது!

இத்துடன் நிறுத்தியிருந்தால் லீ சோங்கை வெறும் அரசவைக் கலைஞர் என்று ஒதுக்கிவிடலாம். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்திலுள்ள, அவருடையதெனப்படும் 'எலும்புக்கூட்டின் மாயக்கூத்து' அதற்கு இடம் தரவில்லை. (உருவம் வரைதல் பற்றிய நமது பழைய விவாதத்தை இங்கே இழுக்கத் தேவையில்லை.) மெல்லிய அங்கி அணிந்த பெரிய எலும்புக்கூடு ஒன்று, நூலில் சிறிய எலும்புக்கூட்டுப் பொம்மையை ஆட்டுகிறது. குழந்தையொன்று ஆசையோடு அதை நோக்கித் தவழ்கிறது. பின்னாலுள்ள பெண் பதறிக் கைநீட்டுகிறாள். கூத்தாடும் எலும்புக்கூட்டின் முதுகுப்புறத்தில், உயிருள்ள ஒருத்தி குழந்தைக்குப் பாலூட்டிக் கொண்டிருக்கிறாள்.

வியாபாரி ஓவியத்தில் கண்ட அதே தாய்மை, அதே விளையாட்டுப் பொருள், அதே பிள்ளை ஆசை. பொருளைக் கொண்டு வந்தவர் மட்டும் மாறிவிட்டார். இதனை நிலையாமைத் தத்துவமாக மட்டும் விளக்குவோர் எலும்புக்கூட்டின் அருகே கிடக்கும் காவுதடிச் சுமையையும் பாயையும் குடையையும் கவனிப்பதில்லை. அவை ஊர் ஊராய் அலையும் கூத்தாடி ஒருவனின் குடித்தனம். பாலூட்டுபவள் அவனது மனைவி என்றே நான் கொள்கிறேன். அவள் முகத்தில் அச்சமில்லை. கணவன் தொழில் செய்கிறான்; பிள்ளைக்குப் பால்கொடுக்கும் நேரம் இது.