தினம் ஒரு கோசுமல்லி

ஊறிய பாசிப்பருப்பு பல்லில் பட்டதும் நறுக்கென்று உடைய வேண்டும். அரை மணி நேரம் ஊறினாலே அந்தப் பதம் வந்துவிடும். அதனோடு பொடியாக அரிந்த வெள்ளரிப் பிஞ்சு, துருவிய கேரட், ஒரு கை தேங்காய்த் துருவல். தினமும் சாப்பிட்டாலும் அலுப்பதில்லை; மேலே சேர்ப்பது மாறிக்கொண்டே இருக்கிறதே! இன்று எலுமிச்சைச் சாறும் இஞ்சியும்; நாளை கிளிமூக்கு மாங்காயின் இளம்புளிப்பு; மறுநாள் கடைந்த தயிரில் வறுத்த சீரகப்பொடி.

எதுவானாலும், கடுகு வெடித்து, பெருங்காயமும் பச்சைமிளகாயும் மணக்கும் தாளிப்பைக் கொட்டும்போது 'சொய்' என்று எழும் ஓசை மாறாது. உப்பு மட்டும் பரிமாறும் நேரத்தில்தான். முன்பே போட்டால் வெள்ளரி நீர்விட்டுத் துவண்டுவிடும். அந்தப் பொறுமை தெரிந்த கை கலந்ததை, சோறு வருமுன்பே இன்னொரு கரண்டி கேட்டு வாங்கத் தோன்றும்.